ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரி: பெங்களூரின் வானொலி நெரிசலில் ஒரு மதிப்பீடு

கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருள் வானொலி ரிசீவர் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைக் கேட்கிறார்கள்: எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை போகும், எத்தனை பிட் என்பவை அவை. ஒலிபரப்புக் கோபுரங்களும் செல்பேசிக் கோபுரங்களும் அடுக்குமாடிகளும் நெருங்கிக் கிடக்கும் பெங்களூரில் இவற்றைவிட முக்கியமானவை வேறு இரண்டு உண்டு. உள்ளே அலையை உருவாக்கும் அலையியற்றி (ஆசிலேட்டர்) எவ்வளவு தூய்மையானது என்பது ஒன்று. ஆன்டெனாவின் சமிக்ஞையை அந்த அலையோடு கலக்கும் மிக்ஸர், தனக்கு வேண்டாத அதிர்வெண்களை எவ்வளவு தூரம் தள்ளிவைக்கிறது என்பது மற்றொன்று. ஏர்ஸ்பை எச்எஃப் பிளஸ் டிஸ்கவரியை இந்த இரண்டையும் வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். ராமமூர்த்தி நகரில் மூன்றாம் மாடி பால்கனியில் கட்டிய ஒரு சிறிய வளைய ஆன்டெனாவுடன், சில மாதங்களாக இது என் மேசையில் இருக்கிறது.

2019-இல் வெளிவந்த இந்தக் கருவி தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. அரை கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 31 மெகாஹெர்ட்ஸ் வரையும், பின்னர் 60 முதல் 260 மெகாஹெர்ட்ஸ் வரையும் கேட்கும். ஒரே நேரத்தில் 660 கிலோஹெர்ட்ஸ் அகலம் திரையில் தெரியும். 169 அமெரிக்க டாலருக்கு அறிமுகமானது. இந்தியாவுக்கு வரும்போது அஞ்சல் செலவும் சுங்க வரியும் சேர்ந்து, யுஎஸ்பியில் செருகும் சாதாரண ரிசீவர்களான ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் பலவற்றை வாங்கிவிடக்கூடிய தொகையாகிவிடுகிறது. அந்தக் கூடுதல் பணம் எதற்காகப் போகிறது என்பதே நம் கேள்வி.

முதலில் அலையியற்றி. ஆன்டெனாவில் வரும் சமிக்ஞையை மிக்ஸரில் ஓர் உள்ளூர் அலையோடு பெருக்கித்தான் எந்த ரிசீவரும் அதைக் கீழே இறக்குகிறது. அந்த உள்ளூர் அலை ஏட்டில் ஒற்றைக் கோடு. நடைமுறையில் அதன் இருபுறமும் சரிந்து பரவிய இரைச்சல் ஒட்டிக்கொண்டே வரும். ஃபேஸ் நாய்ஸ் எனப்படும் இந்தக் கட்ட இரைச்சல், கேட்கும் இடத்தில் பலவீனமான சமிக்ஞை மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது. பக்கத்தில் ஒரு வலுவான சமிக்ஞை வந்துவிட்டால், மிக்ஸர் அந்த வலுவான சமிக்ஞையை உள்ளூர் அலையின் இரைச்சலோடும் பெருக்கி, அந்த விளைவை நாம் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் கொண்டுவந்து கொட்டிவிடுகிறது. அடுத்த வீட்டுத் தாளிப்பின் நெடி நம் வீட்டுச் சோற்றில் ஏறுவதைப் போன்றது இது. சோற்றில் குறையில்லை, ஆனாலும் வேறெதுவும் தெரிவதில்லை.

கணக்காகப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். எங்கள் பகுதியில் இரண்டு தெரு தள்ளி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலி நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் 7.100 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது சமிக்ஞையின் வலிமையைக் காட்டும் என் எஸ்-மீட்டர் எஸ்-9-க்கு மேல் 60 டெசிபெல் காட்டும். அதாவது மைனஸ் 13 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). நான் 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி, 7.090-இல் பலவீனமான ஒரு நிலையத்தை 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் கேட்க முயல்கிறேன் என்று வையுங்கள். அந்த அகலம் ஒரு ஹெர்ட்ஸைவிட 34 டெசிபெல் பெரியது. அலையியற்றியின் கட்ட இரைச்சல் 10 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் மைனஸ் 100 டிபிசி/ஹெர்ட்ஸ் (ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் இரைச்சல் முதன்மை அலையைவிட எத்தனை டெசிபெல் குறைவு என்ற அளவு) என்றால், என் காதில் விழும் இரைச்சல் மைனஸ் 13, மைனஸ் 100, கூட்டல் 34, ஆக மைனஸ் 79 டிபிஎம். எஸ்-மீட்டரில் அது எஸ்-8. அவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் பட்டை முழுவதும் இரைச்சல் எஸ்-8-க்கு எழுந்து, விட்டவுடன் அடங்கும். அதே இடத்தில் மைனஸ் 130 டிபிசி/ஹெர்ட்ஸ் கொண்ட அலையியற்றி இருந்தால் இரைச்சல் மைனஸ் 109, அதாவது எஸ்-3.

இங்கே ஒரு நிதானம் தேவை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் பி.372 பரிந்துரை தரும் சூத்திரப்படி, குடியிருப்புப் பகுதியில் 7 மெகாஹெர்ட்ஸில் மனிதன் உண்டாக்கும் இரைச்சல் வெப்ப இரைச்சலைவிட 49 டெசிபெல் அளவுக்கு மேலே இருக்கும். 2.4 கிலோஹெர்ட்ஸில் அது மைனஸ் 91 டிபிஎம், அதாவது எஸ்-6. எல்இடி விளக்குகளும், மின்தடை நேரத்தில் கட்டடமெங்கும் ஓடும் யுபிஎஸ் இன்வெர்ட்டர்களும் இருக்கும் எங்கள் தளத்தில் நான் பார்ப்பதும் ஏறக்குறைய அதுதான். ஆகவே மேற்சொன்ன நண்பர் பேசும்போதும் எனக்குத் தொல்லை இல்லாதிருக்க, 10 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் மைனஸ் 112 டிபிசி/ஹெர்ட்ஸைத் தாண்டிய தூய்மை போதும். அதற்கு மேல் மைனஸ் 140, மைனஸ் 150 என்று விலை உயர்ந்த ரிசீவர்கள் காட்டும் எண்கள், ஊருக்கு வெளியே தோட்டத்தில் ஆன்டெனா கட்டுபவருக்குப் பயன்படும். நகரத்து பால்கனியில் அந்த எண்ணுக்காகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

டிஸ்கவரியின் தயாரிப்பாளர் தரும் எண், 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோஹெர்ட்ஸ் தொலைவில் மைனஸ் 110 டிபிசி/ஹெர்ட்ஸ். பார்வைக்கு நம் தேவையின் விளிம்பில் நிற்பது போலத் தோன்றும் இந்த எண்ணை இரண்டு விதமாகத் திருத்திப் படிக்க வேண்டும். ஒன்று, இது ஒரு கிலோஹெர்ட்ஸ் தொலைவில் எடுத்தது. 10 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் பொதுவாக மேலும் குறையும். இரண்டு, இது 100 மெகாஹெர்ட்ஸில் எடுத்தது. ஓர் அலையை வகுத்துக் கீழே கொண்டுவரும்போது, வகுக்கும் எண்ணின் மடக்கைக்கு 20 மடங்கு என்ற கணக்கில் கட்ட இரைச்சலும் இறங்கும், 100-இலிருந்து 7.1-க்கு வந்தால் அது 23 டெசிபெல். வகுக்கும் சுற்றுக்கே உரிய இரைச்சல் இருப்பதால் முழுச் சலுகையும் கிடைக்காது. பாதி கிடைத்தாலும் நம் தேவைக்கு மேலேயே நிற்கிறது.

இந்த இறக்கம் எல்லா ரிசீவர்களுக்கும் பொது. மலிவான டாங்கிள்களில் இருக்கும் ஆர்820டி டியூனரின் உள் அலையியற்றி 1.77 முதல் 3.54 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடி, 2 முதல் 64 வரையான எண்களால் வகுக்கப்படுகிறது. விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் 1090 மெகாஹெர்ட்ஸுக்கு வகுத்தல் வெறும் 2; எஃப்எம் பட்டைக்கு 32. அதே டாங்கிள் குறைந்த அதிர்வெண்களில் தூய்மையாகவும் மேலே அழுக்காகவும் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1966-இல் லீசன் எழுதிய சமன்பாடு சொல்வது போல, அலையியற்றியின் இரைச்சல் அதன் ஒத்ததிர்வுச் சுற்றின் தரத்தைக் குறிக்கும் க்யூ மதிப்பைப் பொறுத்தது. குவார்ட்ஸ் படிகத்தின் க்யூ பல ஆயிரங்களில் இருக்க, சிலிக்கான் சில்லுக்குள் சுருட்டிய கம்பிச்சுருளின் க்யூ பத்தை ஒட்டியே நிற்கும். அதனால்தான் சில்லின் அலையியற்றியைப் படிகத்தோடு பிஎல்எல் என்னும் கட்டப் பூட்டுச் சுற்றால் கட்டிப்போடுகிறார்கள். பிஎல்எல்லின் பட்டை அகலத்துக்குள் படிகத்தின் குணம் தெரியும், வெளியே சில்லின் குணம் தெரியும்; இந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கிறது.

விளம்பரங்களில் அடிக்கடி குழப்பப்படும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். டிஸ்கவரியில் 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) துல்லியமுள்ள கடிகாரம் இருக்கிறது. 7 மெகாஹெர்ட்ஸில் அது மூன்றரை ஹெர்ட்ஸ் பிழை; அமெச்சூர்கள் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டைப் (எஸ்எஸ்பி) பேச்சைக் கேட்கையில் இசைவைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியதில்லை. ஆனால் பிபிஎம் என்பது மெதுவான நகர்வின் அளவு; கட்ட இரைச்சல் நொடியின் நுண்பகுதிகளில் நடக்கும் நடுக்கத்தின் அளவு. பிபிஎம் குறைவாக இருப்பதாலேயே ஒரு ரிசீவர் தூய்மையானது என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

தயாரிப்பாளரின் எண்ணை அப்படியே ஏற்காமல் வீட்டிலேயே ஓரளவு சரிபார்க்கலாம். பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் 10 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மின்கலத்தில் ஓடும் ஒரு சிறிய அலையியற்றியைத் தகரப் பெட்டிக்குள் கட்டி, சமிக்ஞையைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் வழியாக ரிசீவருக்குக் கொடுத்தேன். நல்ல படிக அலையியற்றி 10 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் ரிசீவரைவிட மிகவும் தூய்மையாக இருக்கும் என்பதால், திரையில் தெரியும் சரிவு ரிசீவருடையதே என்று கொள்ளலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. வலுவான சமிக்ஞை வந்தவுடன் டிஸ்கவரியின் தானியங்கிக் கட்டுப்பாடு உள்ளே தணிப்பைப் போட்டுவிடும்; அதனால் பட்டை முழுவதும் இரைச்சல் தளம் எழும். அதைக் கட்ட இரைச்சல் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தவறும். எனவே முதலில் 300 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இரைச்சல் தளத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு 10 கிலோஹெர்ட்ஸ் தொலைவில் அதைவிட எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். திரையின் எண்ணை ஒரு ஹெர்ட்ஸுக்கு மாற்றுவதற்கும் ஒரு கழித்தல் தேவை: 768 கிலோ மாதிரிகளை 65,536 புள்ளிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு புள்ளியும் 11.7 ஹெர்ட்ஸ், கணக்கீட்டில் பயன்படும் ஹான் சாளரம் என்னும் எடையிடலுக்காக ஒன்றரை மடங்கு சேர்த்தால் 12.4 டெசிபெல் கழிக்க வேண்டும். இப்படிப் பார்த்தபோது 10 கிலோஹெர்ட்ஸில் தளத்துக்கு மேலான ஏற்றம் எனக்குத் தெளிவாகப் பிரித்தறிய முடியாத அளவிலேயே இருந்தது. ஒரு கிலோஹெர்ட்ஸுக்குள் நெருங்கும்போதுதான் சரிவு கண்ணுக்குப் பட்டது. இது ஆய்வகத் துல்லியம் இல்லை. தெரு நண்பர் பேசும்போது இரைச்சல் எழவில்லை என்ற அன்றாட அனுபவத்தோடு இது பொருந்துகிறது, அவ்வளவே.

இனி மிக்ஸர். என் பார்வையில் இந்தக் கருவியின் இன்னொரு சிறப்பு இங்கே இருக்கிறது.

இன்றைய மிக்ஸர்கள் பெரும்பாலும் சுவிட்சுகள். உள்ளூர் அலை சைன் வடிவில் இல்லாமல் சதுர வடிவில் சுவிட்சைத் திறந்து மூடுகிறது. சதுர அலையில் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது ஹார்மோனிக்குகள் (அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள்) தவறாமல் இருக்கும், மூன்றாவது 9.5 டெசிபெல்லும், ஐந்தாவது 14-உம், ஏழாவது ஏறக்குறைய 17-உம் மட்டுமே குறைவு. அதாவது 20.26 மெகாஹெர்ட்ஸுக்கு இசைத்த ரிசீவர், அதன் ஐந்து மடங்கான 101.3 மெகாஹெர்ட்ஸையும் 14 டெசிபெல் குறைவாகக் கேட்கும். 101.3 என்பது இங்கே ஆகாசவாணியின் எஃப்எம் ரெயின்போ. 91.1-இல் இருக்கும் ரேடியோ சிட்டி 18.22-இல் வரும், 98.3-இன் மிர்ச்சி ஏழாவது ஹார்மோனிக் வழியாக 14.043-இல், அதாவது அமெச்சூர்களின் 20 மீட்டர் பட்டைக்குள் மோர்ஸ் ஒலிக்கும் பகுதியில் வந்து உட்காரும். நடுத்தர அலையிலும் இதே கதைதான்: 204 கிலோஹெர்ட்ஸில் விமான வழிகாட்டி பீக்கன்களைத் தேடுபவர், மூன்றாவது ஹார்மோனிக்கில் பெங்களூர் ஆகாசவாணியின் 612 கிலோஹெர்ட்ஸைக் கேட்க நேரிடும்.

டேலோ டிடெக்டர் என்று அறியப்படும் நான்கு கட்டச் சுவிட்ச் மிக்ஸரை எஃப்எஸ்டி3253 சில்லைக் கொண்டு நானே ஒரு பலகையில் அமைத்து வைத்திருக்கிறேன். டேன் டேலோவுக்கு 2001-இல் காப்புரிமை வழங்கப்பட்ட இந்த அமைப்பு எளிமைக்கும் குறைந்த இழப்புக்கும் பெயர்போனது. இழப்பு ஒரு டெசிபெல்லை ஒட்டியே இருக்கும். முன்னால் வடிகட்டி இல்லாமல் அதை ஆன்டெனாவோடு இணைத்தால், 20.26-இல் சினிமாப் பாட்டு சிதைந்தபடி கேட்கும். நான்கு கட்ட அமைப்பில் மூன்றாவதும் ஏழாவதும் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியும், ஐந்தாவது நேராகவும் வரும் என்பது இதில் உள்ள ஒரு சுவையான நுணுக்கம். ஒற்றைப் பக்கப்பட்டை நிலையம் ஒன்று மேல்பக்கப்பட்டைக்குப் பதில் கீழ்ப்பக்கப்பட்டையில் புரிகிறதென்றால், மூன்றாவது ஹார்மோனிக் என்று சந்தேகிக்கலாம்.

டிஸ்கவரியில் இருப்பது பல கட்ட ஹார்மோனிக் விலக்கு மிக்ஸர். கொள்கை எளிதானது: 45 பாகை இடைவெளியில் மூன்று சதுர அலைகளை எடுத்து, 1, வர்க்கமூலம் 2, 1 என்ற விகிதத்தில் எடைபோட்டுக் கூட்டினால் மூன்றாவதும் ஐந்தாவதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஏழாவது தப்பித்துவிடும். 2001-இல் பெர்க்லி ஆய்வுக் குழு ஒன்று ஒரு டிரான்ஸ்மிட்டர் சில்லுக்காக இதை வெளியிட்டது. கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டக் கூட்ட முதலில் தப்பிக்கும் ஹார்மோனிக் மேலே போய்க்கொண்டே இருக்கும்: எட்டுக் கட்டங்களுக்கு ஏழாவது, பதினாறு கட்டங்களுக்குப் பதினைந்தாவது. டிஸ்கவரியின் விவரக்குறிப்பு 21-ஆவது ஹார்மோனிக் வரை விலக்கு உண்டு என்கிறது. சதுர அலையைப் படிப்படியாகச் சைன் அலைக்கு நெருக்கமாகச் செதுக்குவதுதான் இதன் சாரம். ஆனால் கட்டங்கள் ஒரு பாகை பிசகினாலும், எடைகள் நூற்றில் ஒரு பங்கு மாறினாலும், அழிவு முழுமையாகாது. 35, 40 டெசிபெல்லில் நின்றுவிடும். கோபுரத்துக்கு அருகே இருப்பவருக்கு அது போதாது. இதை அறிந்தே, மிக்ஸருக்கு முன்னால் குறு அலைக்கு நான்கு வடிகட்டிகளையும் (5 வரை, 5 முதல் 10, 10 முதல் 17, 17 முதல் 31 மெகாஹெர்ட்ஸ்), 60 மெகாஹெர்ட்ஸுக்கு மேலான மேற்பட்டைக்கு இரண்டையும் வைத்திருக்கிறார்கள். வடிகட்டியும் விலக்கும் சேர்ந்து வேலை செய்யும்போது 14.043-லும் 20.26-லும் எஃப்எம்மின் சுவடே எனக்குத் தென்படவில்லை. இரவில் 612-இன் வலிமைக்கு அருகிலேயே சென்னையின் 720-ஐயும் திருச்சியின் 936-ஐயும் எந்தக் கலப்பும் இல்லாமல் கேட்க முடிகிறது.

ஒரு குறை தென்படும்போது அது அலையியற்றியாலா, ஹார்மோனிக்காலா, இரண்டு வலுவான நிலையங்கள் கருவிக்குள் கலப்பதால் வரும் மூன்றாம் படிக் கலப்பாலா என்று கண்டறிய, 10 டெசிபெல் அட்டென்யுவேட்டர் ஒன்று போதும். மூன்றாம் படிக் கலப்பு என்றால் (எடுத்துக்காட்டாக 101.3-இன் இரு மடங்கிலிருந்து 102.9-ஐக் கழித்தால் வரும் 99.7-இல் எழும் பொய் நிலையம்), அது 30 டெசிபெல் குறைந்து காணாமல் போகும். ஹார்மோனிக் என்றால் சரியாக 10 மட்டும் குறையும். கட்ட இரைச்சலும் 10 மட்டுமே குறையும். நாம் கேட்க விரும்பும் சமிக்ஞையும் அதே 10 குறைவதால் லாபம் எதுவும் இல்லை. ஹார்மோனிக்கையும் கலப்பையும் வடிகட்டியால் அடக்கிவிடலாம். 10 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் அண்டை வீட்டாரை எந்தச் சாதாரண வடிகட்டியும் அடக்காது. அதற்குத் தூய்மையான அலையியற்றி ஒன்றே மருந்து. டிஸ்கவரிக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு நான் ஒப்புக்கொள்ளும் முதன்மையான காரணம் இதுதான்.

குறைகளுக்கு வருவோம். 660 கிலோஹெர்ட்ஸ் அகலம் என்பது பெரும்பாலான குறு அலை அமெச்சூர் பட்டைகளை முழுதாகப் பார்க்கப் போதும்; எஃப்எம் பட்டையை ஒரே பார்வையில் விரிக்க நினைப்பவருக்குப் போதாது. 31-க்கும் 60-க்கும் இடையே இடைவெளி இருப்பதால் 50 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பட்டை அடியோடு இல்லை. விமானங்களின் 1090-உம், 430 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் இதன் எல்லைக்கு வெளியே. குறு அலைக்கும் மேற்பட்டைக்கும் ஒரே எஸ்எம்ஏ இணைப்பான் என்பதால் இரண்டு ஆன்டெனா வைத்திருப்பவர் மாற்றி மாற்றித் திருக வேண்டியிருக்கிறது. மைக்ரோ யுஎஸ்பி துளை இக்காலத்துக்குப் பொருந்தவில்லை. மேற்பட்டையில், வலுவான அண்டைச் சமிக்ஞையைத் தாங்கும் தடுப்புத்திறன் எண்ணும் குறைகிறது: குறு அலைக்கு 110 டெசிபெல் என்று சொல்லும் விவரக்குறிப்பு, மேற்பட்டைக்கு 95 என்றே சொல்கிறது. கட்டுப்பாட்டைத் தானியங்கியிடமே விட்டுவிடுவது பெரும்பாலும் சரியாக வருகிறது. 6 டெசிபெல் படிகளில் கையால் தணிப்பு வைக்கும் வசதி இருந்தாலும் எனக்கு அது சோதனைக்கு மட்டுமே தேவைப்பட்டது.

இதே பணத்தில் டேலோ டிடெக்டரும், எஸ்ஐ5351 அலையியற்றியும், நல்ல ஒலி அட்டையும் சேர்த்து ஒருவர் தாமே கட்டிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கட்டலாம், கற்றுக்கொள்ளவும் நிறைய உண்டு. எஸ்ஐ5351-இன் உள் அலையியற்றி 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடி, வகுக்கப்பட்டு வெளிவருகிறது. வகுக்கும் எண்ணை முழு எண்ணாக வைத்துக்கொண்டால் போலிக் கோடுகள் வெகுவாகக் குறையும். 90 பாகை இடைவெளியைப் பதிவேட்டிலேயே அமைக்கலாம். ஆனால் அதற்கு வகுக்கும் எண் 126-ஐத் தாண்டக் கூடாது என்பதால், உள் அலையை விதிக்கப்பட்ட எல்லைக்குக் கீழே ஓட்டாமல் 4.8 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க முடியாது. 90 பாகை இடைவெளியுள்ள ஐ, க்யூ என்ற இரு வழிகளில் ஒரு பாகையும் நூற்றில் ஒரு பங்கும் பிசகினால் பிம்ப விலக்கு (மறுபக்கத்துச் சமிக்ஞையை நீக்குவது) 40 டெசிபெல்லில் நின்றுவிடும். மென்பொருளில் திருத்தினால் மேம்படும், வெப்பநிலை மாறினால் மறுபடியும் நகரும். பட்டைக்குப் பட்டை வடிகட்டி கட்டும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால், கேட்பது மட்டுமே நோக்கமானவருக்கு டிஸ்கவரி மலிவுதான்.

ஏற்கெனவே ஒரு டாங்கிள் வைத்திருப்பவர்கள் உடனே ஓட வேண்டியதில்லை. முதலில் எஃப்எம் பட்டையைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றை ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் இடையே போட்டுப் பாருங்கள். பொய் நிலையங்கள் மறைந்து, பட்டை அமைதியானால் உங்கள் சிக்கல் அவ்வளவுதான், பணம் மிச்சம். வடிகட்டி போட்ட பிறகும், அருகில் இருப்பவர் அதே பட்டையில் பேசத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் தளம் அவருடைய பேச்சோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது, அட்டென்யுவேட்டரைப் போட்டாலும் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான இடைவெளி மாறவில்லை என்றால், அப்போது இந்தக் கருவிக்குப் பணம் எடுத்து வைக்கலாம்.